எந்த யூனிக்ஸுக்கு இந்த எடிட்டர்?

1985-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு 150 டாலர் அனுப்பினால், தபாலில் ஒரு காந்த நாடா வந்து சேரும். குனூ ஈமாக்ஸ் என்ற எடிட்டர் அந்த நாடாவில் இருக்கும். எடிட்டர் என்றால், கணினியில் எழுதவும் திருத்தவும் சேமித்து வைக்கவும் உதவுகிற மென்பொருள். ஆனால் நாடாவை ஏற்றியவுடன் ஈமாக்ஸ் ஓடிவிடாது. நாடாவில் இருப்பது மூலநிரல், அதாவது சி போன்ற கணினி மொழிகளில் மனிதர்கள் எழுதிய வரிகள். அவற்றை உங்கள் கணினிக்குத் தக்கபடி அமைத்து, கம்பைலருக்குக் கொடுத்து, ஓடக்கூடிய நிரலாக நீங்களேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும். கணினிக்குத் தக்கபடி அமைப்பது என்கிற அந்த வேலைதான் இன்றைய பேச்சு.

யூனிக்ஸ் என்ற பெயர் ஒன்றுதான். 1980-களில் அந்தப் பெயருக்குள் பல இயங்குதளங்கள் இருந்தன. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது யூனிக்ஸ். பிறகு அதன் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஒரு கிளை தழைத்து, 1983-இல் அதன் 4.2 பதிப்பு வந்தது. அதே ஆண்டு ஏடி அண்ட் டி நிறுவனம் சிஸ்டம் ஃபைவ் என்ற பெயரில் தன் கிளையை வெளியிட்டது. சன், எச்பி, ஐபிஎம், டிஇசி எனக் கணினி தயாரித்த நிறுவனங்கள் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு, மற்றதிலிருந்து வேண்டியதைச் சேர்த்து, சொந்தப் பெயர் வைத்து விற்றன.

கணக்குப் போட்டு விடை சொல்லும் நிரலுக்கு இந்த வேறுபாடுகள் அவ்வளவாக உறைக்காது. எடிட்டருக்கு உறைக்கும். விசைப்பலகை, திரை, கோப்பு, நினைவகம் என்று இயங்குதளம் எங்கெல்லாம் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் எடிட்டருக்கு வேலை இருக்கிறது.

விசைப்பலகையைப் பாருங்கள். கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையுமான டெர்மினலில் நீங்கள் தட்டும் எழுத்துகளை யூனிக்ஸ் உடனே நிரலிடம் கொடுப்பதில்லை. வரி முடிந்து என்டர் விசையை அழுத்திய பிறகு முழு வரியாகத்தான் கொடுக்கும். எடிட்டருக்கு ஒவ்வொரு விசையும் அழுத்திய கணமே வந்தாக வேண்டும். அதற்காக இயங்குதளத்திடம், 'நீ வரிக்குக் காத்திருக்காதே' என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்குப் பெர்க்லி யூனிக்ஸில் ஒரு வழி, சிஸ்டம் ஃபைவில் வேறொரு வழி. 1988-இல் வந்த போசிக்ஸ் தரம் இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது வழியைத் தந்தது. ஆனால் பழைய கணினிகள் அதைக் கேட்டு ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆகவே ஈமாக்ஸின் நிரலில் ஒரே செயலுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் அருகருகே எழுதப்பட்டிருந்தன. கம்பைலர் அவற்றில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை, நிரலை அமைப்பவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கன்ட்ரோல்-எஸ் விசை ஈமாக்ஸில் தேடலைத் தொடங்கும். அந்தக் காலத்து டெர்மினல்கள் பலவற்றுக்கு அதே குறி, 'கொஞ்சம் நிறுத்து, என்னால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை' என்ற செய்தி. விடி-100 போன்ற டெர்மினல் திணறும்போது, மனிதர் விசையைத் தொடாமலே தானாக அந்தக் குறியை அனுப்பும். விசைகளை நேராக வாங்கிக்கொள்ளும் எடிட்டர் அதைத் தேடல் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். இது இரு தரப்பிலும் யாருடைய பிழையும் அல்ல. இருவரும் ஒரே குறியை வேறு வேறு வேலைக்கு நம்பியிருந்தார்கள். இத்தகைய மோதல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வழி செய்து கொடுத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கோப்பின் பெயருக்கும் வரம்பு இருந்தது. சிஸ்டம் ஃபைவில் ஒரு பெயர் 14 எழுத்துகளுக்கு மேல் போகாது. மிஞ்சியதை அது சத்தமில்லாமல் வெட்டிவிடும். பெர்க்லியில் 255 வரை போகலாம். ஈமாக்ஸ் தன் காப்புப் பிரதிக்குக் கோப்பின் பெயரோடு கடைசியில் ஒரு அலைக்குறியைச் சேர்க்கும். மூலக் கோப்பின் பெயரே 14 எழுத்தாக இருந்தால், சேர்த்த குறி வெட்டுப்பட்டு, பிரதியின் பெயரும் மூலத்தின் பெயரும் ஒன்றாகிவிடும். கவனமில்லாமல் எழுதிய நிரல், காப்பாற்ற வேண்டிய கோப்பின் மேலேயே எழுதிவிடக்கூடும்.

கணினிக்கு இப்போது எவ்வளவு வேலைச்சுமை என்பதையும் ஈமாக்ஸ் திரையில் காட்டும். இருபது முப்பது பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் அது பயனுள்ள செய்தி. ஆனால் அதைக் கேட்டு வாங்க முறையான வழி அன்று கிடையாது. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவகத்துக்குள் நேரே போய்ப் படிக்க வேண்டும். எந்த முகவரியில் படிப்பது என்று தெரிய, வட்டில் இருக்கும் கெர்னல் கோப்பைத் திறக்க வேண்டும். பெர்க்லியில் அந்தக் கோப்பின் பெயர் விஎம்யூனிக்ஸ், சிஸ்டம் ஃபைவில் வெறும் யூனிக்ஸ், எச்பி கணினியில் எச்பி-யூஎக்ஸ். பெயர் தெரிந்தாலும் போதாது. டிஇசியின் வாக்ஸ் கணினியில் அந்தச் சுமை தசம எண்ணாக இருக்கும், சன் கணினியில் முழு எண்ணாக இருக்கும். முழு எண்ணாக இருந்தால் அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்தால்தான் சரியான விடை வரும். திரையின் ஓரத்தில் தெரியும் ஒரு சிறு எண்ணுக்குப் பின்னால் இத்தனை விவரங்கள் இருந்தன.

இவற்றையெல்லாம் ஈமாக்ஸ் இரண்டு வகைக் கோப்புகளில் பிரித்து வைத்திருந்தது. இயங்குதளத்துக்கு ஒன்று. அதன் பெயர் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். கணினியின் வன்பொருளுக்கு ஒன்று. அது எம் என்று தொடங்கும். நாடாவை வாங்கியவர், 'மெஷின்ஸ்' என்று பெயரிட்ட குறிப்புக் கோப்பை முதலில் படிப்பார். எந்தக் கணினிக்கு எந்த எஸ் கோப்பு, எந்த எம் கோப்பு, எந்தக் கம்பைலரில் என்ன கோளாறு, அதை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் அதில் இருக்கும். பிறகு அமைவுக் கோப்பின் மாதிரியைப் பிரதி எடுத்து, அதில் அந்த இரண்டு பெயர்களையும் தன் கையால் மாற்றி எழுதுவார். வாக்ஸில் பெர்க்லி 4.2 ஓடுகிறதென்றால் பெர்க்லி 4.2-க்கான எஸ், வாக்ஸுக்கான எம். அவ்வளவுதான்.

உங்கள் கணினி பட்டியலிலேயே இல்லையென்றால்? அதற்கென்றே வார்ப்புருக் கோப்புகள் இருந்தன. அவற்றை விரித்துப் பார்த்தால் கேள்விகளின் வரிசை தெரியும். எண்ணின் பெரிய பகுதி நினைவகத்தில் முதலில் வருமா, பின்னால் வருமா? ஓர் எழுத்தை எண்ணாக மாற்றும்போது குறை எண்ணாகவும் ஆகுமா? கம்பைலர் நீண்ட பெயர்களைத் தாங்குமா, ஏழெட்டு எழுத்தோடு நிறுத்திவிடுமா? ஒவ்வொரு கேள்விக்கும் அருகில் விளக்கம் எழுதியிருக்கும். புதிதாகக் கணினி வாங்கிய ஒருவர் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக் கோப்பை நிரப்பி, அதைத் திருப்பி அனுப்புவார். அடுத்த நாடாவில் அது எல்லாருக்கும் போய்ச் சேரும். முகம் தெரியாத பலர் தங்கள் கணினியைத் துருவி அறிந்து எழுதி வைத்த அறிவு அப்படித்தான் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இன்னொன்று. ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. அந்த லிஸ்ப் கோப்புகளை ஒவ்வொரு முறையும் ஏற்றினால், அன்றைய கணினிகளில் எடிட்டர் திறக்க நெடுநேரம் ஆகும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஒரு முறை ஏற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தை அப்படியே எடுத்து, ஓடக்கூடிய புதிய கோப்பாக வட்டில் எழுதிவிடுவார்கள். இதற்கான நிரலை யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் தாமஸ் 1982-இல் எழுதினார். இந்த வேலைக்கு, ஓடக்கூடிய கோப்பு எந்த அமைப்பில் இருக்கும் என்பது நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் அந்த அமைப்பு வேறு. அதனால் சிஸ்டம் ஃபைவுக்கு ஒன்று, ஐபிஎம்மின் ஏஐஎக்ஸுக்கு ஒன்று, டிஇசியின் ஆல்ஃபாவுக்கு ஒன்று என்று தனித்தனி நிரல்கள் பெருகின. பிற்காலத்தில் பாதுகாப்புக்காக நினைவக முகவரிகளை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றிப்போடும் வழக்கம் வந்தபோது இந்த முறை மேலும் தடுமாறியது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில்தான் எல்லா இயங்குதளத்துக்கும் பொதுவான வேறொரு முறை இதன் இடத்துக்கு வந்தது.

இனி அடிப்படையான கேள்விக்கு வருகிறேன். இயங்குதளத்தின் பெயரை வைத்து அதன் குணத்தை முடிவு செய்யலாமா? ஊர்ப் பெயரைக் கேட்டுச் சட்டை தைக்க முடியாது, அளவு எடுத்தாக வேண்டும். சன்ஓஎஸ் பெர்க்லி வழியில் வந்தது, ஆனால் சிஸ்டம் ஃபைவின் வசதிகளையும் சேர்த்துக்கொண்டது. எச்பி-யூஎக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வழி, ஆனால் பிணையத் தொடர்புக்குப் பெர்க்லியின் சாக்கெட்டுகள். 1992-இல் சன் நிறுவனம் சோலாரிஸ் 2-ஐக் கொண்டுவந்து, சிஸ்டம் ஃபைவ் பக்கமே முழுதாகப் போய்விட்டது. 'பெர்க்லியா, சிஸ்டம் ஃபைவா' என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் நேரான விடை தராது.

அளவு எடுக்கும் முறைக்கு வழி காட்டியவர்களில் லாரி வால் ஒருவர். பெர்ல் மொழியை உருவாக்கியவர் என்று பலருக்குத் தெரிந்தவர். 1984-இல் அவர் எழுதிய ஆர்என் என்ற செய்தி வாசிப்பானோடு ஒரு நிரல் வந்தது. அது கணினியைத் தானே ஆராயும், தெரியாததைப் பயனரிடம் கேட்கும். 1991-இல் டேவிட் மெக்கென்ஸி குனூ திட்டத்தின் கோப்புக் கருவிகளைப் பராமரித்து வந்தார். பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் இருபதளவுக்குப் பெருகிவிட்டதைப் பார்த்து, அவற்றைத் தானே ஊகிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதினார். அதுதான் ஆட்டோகான்ஃப் ஆக வளர்ந்தது. அது செய்வது எளிமையான வேலை. ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய, அதைப் பயன்படுத்தும் ஐந்தாறு வரி சி நிரலை எழுதும், கம்பைலரிடம் கொடுக்கும், தேறினால் 'இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். பெயரளவில் இருந்தும் சரியாக வேலை செய்யாத வசதியென்றால், அந்தச் சிறு நிரலை ஓட்டியே பார்த்துவிடும்.

ஈமாக்ஸ் 1993-இல் 19-ஆம் பதிப்போடு இந்த வழிக்கு வந்தது. ஆனால் எஸ், எம் கோப்புகள் உடனே மறைந்துவிடவில்லை. சோதித்து அறிய முடிந்ததைச் சோதித்தார்கள், முடியாததற்குப் பெயரைப் பார்த்துப் பழைய கோப்பை எடுத்தார்கள். 2010-களின் தொடக்கத்தில்தான் அவை முற்றிலும் நீங்கின. நீங்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோப்புகளில் இருந்த விளக்கக் குறிப்புகளை இன்றும் தேடிப் படிக்கத்தான் வேண்டும். இந்தக் கணினி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அங்கே காரணம் எழுதியிருக்கிறது. சோதனையின் முடிவு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இதெல்லாம் தமிழில் எழுதுபவருக்கும் பொருந்தும் செய்தி. 'கொ' என்ற எழுத்து திரையில் சரியாக வர, ககரத்தின் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் அமைய வேண்டும். அப்படிப் பிரித்து அமைக்கும் வேலை எடிட்டரோடு இணையும் நூலகத்தினுடையது. 2009-இல் வந்த ஈமாக்ஸ் 23-இல் இதைச் செய்தவை லிப்ஓடிஎஃப், எம்17என் என்ற இரண்டு நூலகங்கள். 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃபுபஸ் அந்த வேலையைச் செய்கிறது. அமைவுச் சோதனையின்போது இந்த நூலகம் அகப்படாவிட்டால், ஸ்கிரிப்ட் பிழை என்று சொல்லி நிற்காது. கடைசியில் வரும் நீண்ட பட்டியலில் ஒரு வரியில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஈமாக்ஸ் குறையில்லாமல் உருவாகும், ஆங்கிலம் ஒழுங்காகத் தெரியும், தமிழ் சிதறக்கூடும். நூலகம் கணினியில் இருந்தும்கூட இது நேரலாம். நிரலாளருக்கான அதன் தலைப்புக் கோப்புகள் லினக்ஸில் பெரும்பாலும் தனிப் பொதியாகவே வருகின்றன. அந்தப் பொதியை நிறுவியிருக்காவிட்டால் சோதனை தேறாது.

ஆகவே மூலநிரலிலிருந்து ஈமாக்ஸை உருவாக்குகிறவர்கள், நிரலை உருவாக்கும் மேக் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஹார்ஃபுபஸ் என்ற வரியில் 'யெஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். 'நோ' என்றிருந்தால் கான்ஃபிக் டாட் லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்தால், எந்தச் சோதனை தேறாமல் போனது என்பது அப்படியே இருக்கும். ஏற்கெனவே நிறுவிய ஈமாக்ஸ் என்றால், கன்ட்ரோல்-எச், அடுத்து வி, அதன்பின் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன் ஃபீச்சர்ஸ்' என்ற பெயரைச் சொற்களுக்கிடையே இணைப்புக் குறி இட்டுத் தட்டுங்கள். உங்கள் ஈமாக்ஸ் எந்தெந்த முக்கிய வசதிகளோடு உருவானது என்று அது சொல்லிவிடும்.