கருப்பைக் கட்டி தோன்றும் விதம்



கருப்பைக் கட்டியைப் பற்றிச் சபையிலே பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். பேசாது விட்டதனால் எமது தாய்மாரின் துன்பம் குறையவில்லை. ஆகவே யாம் கற்ற அளவிற் கூறுகின்றோம். 'பைப்ரொயிட்' என வைத்தியர் கூறும் இந்நார்க்கட்டி கருப்பைத் தசையிலே வளர்வது. 50 வயதுக்குள் பெண்களிற் பெரும்பாலோருக்கு இது தோன்றிவிடுகின்றதென 2003 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பலருக்கு ஒரு குறியும் இராது. புற்றுநோயாதல் மிக அரிது.

இது எங்ஙனம் தோன்றுகின்றது? 1965 இல் லிண்டர், காட்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒரு நொதியத்தின் இரு வகைகளையும் உடைய பெண்களின் கருப்பைகளை ஆராய்ந்தனர். அப்பெண்களின் உடலில் ஒவ்வொரு கலமும் ஒரு வகையையே ஆக்கும். தசையிலே இரு வகையும் கலந்திருந்தன. ஒவ்வொரு கட்டியிலும் ஒரு வகையே இருந்தது. எனவே ஒவ்வொரு கட்டியும் தனியொரு கலத்திலிருந்து பெருகியதென்பது புலனாயிற்று.

அக்கலத்திலே நடந்தது யாது? 2011 இல் பின்லாந்து ஆய்வாளர் 225 கட்டிகளைச் சோதித்து, நூற்றுக்கு 70 வீதமானவற்றில் 'மெட் 12' என்னும் பரம்பரையலகு விகாரமடைந்திருக்கக் கண்டனர். வேறு சிலவற்றில் 12 ஆம், 14 ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. சில குடும்பங்களில் இந்நோய் வழிவழி காணப்படினும், இவ்விகாரங்கள் பெரும்பாலும் அவ்வொரு கலத்திலே புதிதாய் நேர்வனவே.

விதை மட்டும் போதாது, நீரும் வேண்டும். ஈஸ்திரசன், புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன்களே அந்நீர். ஈஸ்திரசன், புரொஜெஸ்தரோனை ஏற்கும் புரதங்களை மிகுவிக்க, புரொஜெஸ்தரோன் கலங்களைப் பெருக்குகின்றது. அவற்றைச் சூழ்ந்து கொலாஜின் என்னும் நார்ப்புரதமும் படிந்து கட்டியை இறுக்குகின்றது. மாதவிடாய் நின்றபின் ஓமோன்கள் குறைய, கட்டியும் பெரும்பாலும் சுருங்கும்.

ஆகவே இது முன்வினையுமன்று, பெண்ணின் குற்றமுமன்று. மிகையான உதிரப்போக்கினால் இரும்புச்சத்துக் குன்றிச் சோகை பிடித்தும், பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும் என்று வாளாவிருக்கும் வழக்கம் ஒழியவேண்டும். வாலிப அன்பர்களே, வீட்டிலே தாயோ தமக்கையோ முகம் வெளிறி, சிறு வேலைக்கும் களைத்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரியோர்களே, அவர்கள் வாய்திறந்து சொல்ல இடங்கொடுங்கள். மருந்துகள் உண்டு, பலருக்குக் கருப்பையை அகற்றாது கட்டியை மாத்திரம் எடுக்கவும் முடியும். காலந்தாழ்த்தாதிருத்தலே எம் கையிலுள்ளது.