உள்ளே எரியும் அடுப்பு



பசியைத் தீ என்று குறிப்பது நம்மிடையே மிகப் பழைய வழக்கம். வைத்தியர்களும் சடராக்கினி என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். உவமையாகச் சொல்லப்பட்ட அச்சொல் ஏறக்குறைய உண்மையே என்பதை விஞ்ஞானம் பின்னாளில் மெய்ப்பித்தது. அத்தீயைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிஷம் பேச விரும்புகிறேன்.

உண்ட உணவு உடலாகக் கட்டப்படுவதும், கட்டப்பட்டது சிதைந்து ஆற்றலாக வெளிப்படுவதும் நமக்குள் இராப்பகலாக நடைபெறுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து ‘வளர்சிதை மாற்றம்’ என்கிறோம். வளர்தலும் சிதைதலும் ஒரே சொல்லுள் அடங்கியிருப்பது பொருத்தமே.

இதனை அளக்க முற்பட்டவர்களுள் முன்னோடி, இத்தாலியிலே பதுவா நகரில் வாழ்ந்த சாந்தோரியோ என்னும் மருத்துவர். பெரியதொரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்தார். 1614-இல் வெளிவந்த அவரது நூல் ஒரு புதிரை எழுப்பிற்று. ஒரு நாளில் 8 பவுண்டு உணவும் பானமும் உட்கொண்டால், அதில் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துவிடுகிறது! அது எங்கே போயிற்று?

விடை கிடைக்க ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரிலே லவாசியே, லப்லாஸ் என்னும் அறிஞர் இருவர், பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துள் கினிப்பன்றி ஒன்றை வைத்தனர். அதன் உடற்சூட்டால் உருகிய நீரை அளந்தனர்; அது வெளிவிட்ட மூச்சையும் அளந்தனர். எரியும் கரியும் மூச்சுவிடும் பிராணியும் செய்வது ஏறக்குறைய ஒரே காரியம் என்று கண்டனர். சுவாசம் என்பது சுடரில்லாத, மெதுவான எரிப்பு. சாந்தோரியோவின் தராசில் காணாமற்போன எடை, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறிய எடையே.

இந்த அடுப்பு நாம் உறங்கும்போதும் அணைவதில்லை. வாளா படுத்திருக்கும் மனிதர் வெளிவிடும் வெப்பம், 70 அல்லது 80 வாட் குண்டு விளக்கின் வெப்பத்துக்கு ஒப்பாகும். நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நடப்பதற்கோ உழைப்பதற்கோ செல்வதன்று. இதயம் துடிக்கவும், ஈரலும் சிறுநீரகமும் தத்தம் வேலையைச் செய்யவுமே செல்கிறது. மூளையின் எடை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஓய்வு நேரச் செலவிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே.

இவ்வடுப்பைத் தூண்டி நடத்துவது, கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி போல் அமைந்த தைராய்டு என்னும் சுரப்பி. அது சோர்ந்தால் என்ன நேரும் என்பதை நான் புத்தகத்தில் படிக்குமுன் வீட்டிலேயே கண்டேன். அதைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

1974-இல் நான் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன். என் தமக்கைக்கு இரண்டாம் குழந்தை பிறந்து ஓராண்டு ஆகியிருந்தது. சித்திரை மாதத்திலும் அவள் போர்வை கேட்பாள். குரல் கம்மிப்போயிற்று, தலைமயிர் கொத்தாய் உதிர்ந்தது, முகம் வீங்கிற்று. பகலிலே அடுப்படியில் உட்கார்ந்தவாறே உறங்கிப்போவாள். “உட்கார்ந்தே தின்றால் உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்?” என்றார்கள் புகுந்த வீட்டார். அவளோ முன்னிலும் குறைவாகவே உண்டுவந்தாள். விடுமுறைக்குச் சென்ற நானும், “கொஞ்சம் சுறுசுறுப்பாக இரு, அக்கா” என்று உபதேசம் செய்தேன். அவள் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து முதிய மருத்துவர் ஒருவர் அவளைப் பார்த்தார். நாடி நிமிஷத்துக்கு 52. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சிறு சுத்தியால் தட்டினார்; பாதம் அசைந்து, மிக மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்பிற்று. “இந்தப் பெண்ணையா சோம்பேறி என்றீர்கள்? அடுப்பில் விறகு இருக்கிறது, ஊதத்தான் ஆளில்லை” என்றார் அவர். இரத்தச் சோதனை அதை உறுதி செய்தது. முகவீக்கமும் தின்று பெருத்ததன்று. பெரும்பாலும் உப்பும் நீரும் தங்கியதால் வந்தது. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை, அவ்வளவே சிகிச்சை. மூன்றாம் மாதம் அவளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது: “தம்பி, போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.”

இச்சுரப்பி தன் நீரைச் சுரக்க அயோடின் வேண்டும். 1956-இல் இமயத்தின் அடிவாரத்திலே காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஆய்வு தொடங்கி, உப்பில் சிறிது அயோடின் கலந்தால் கழுத்துக் கழலை குறையும் என்று காட்டினர். 1962-இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தால், இக்குறையை உடனே கண்டு, மூளை வளர்ச்சி குன்றாமல் காக்கலாம்.

நேயர்களே, இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடையே உண்டு. “நாற்பது வயதாயிற்று, உள்ளே தீ மந்தமாகிவிட்டது, அதனால்தான் தொந்தி விழுந்தது” என்கிறோம். 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, பிறந்து 8 நாளான சிசு முதல் 95 வயது முதியோர் வரை, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கு மேற்பட்டோரின் ஆற்றற் செலவை ஆராய்ந்தது. உடலின் அளவையும் கட்டையும் கணக்கிட்டுப் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அத்தீ ஏறக்குறைய ஒரே சீராக எரிகிறது! அறுபதுக்குப் பின்னரே சிறுகச் சிறுகத் தணிகிறது. நாற்பதில் குறைந்தது தீயன்று. பெரும்பாலும் நம் நடை குறைந்தது, தசை குறைந்தது, தட்டில் மட்டும் சோறு குறையவில்லை. உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரிதும் வாங்கிக்கொள்வது தசையே. அது வேலையின்றி இளைத்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்க, நீரிழிவுக்கு வழி திறக்கிறது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பது செலவில்லாத நல்ல மருந்து.

ஆக, சுரப்பியின் குற்றத்தை மனிதர்மேல் சுமத்துகிறோம். நம் பழக்கத்தின் குற்றத்தைத் தீயின்மேல் சுமத்துகிறோம். உங்கள் வீட்டிலே ஒருவர் காரணமின்றிச் சோர்ந்திருந்தால், வெயிலில் குளிர்கிறது என்றால், உபதேசம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் என் தமக்கைக்குச் செய்யத் தவறியது அதுவே.