அருகிருக்கும் தொண்டு



திருவிழாவின் இந்நன்னாளில், திருஞானசம்பந்தப் பெருமானின் அருட்செயல் ஒன்றைச் சிந்தித்து, அதன் வழியே நமக்குரிய தொண்டு ஒன்றைத் தெளிய விழைகின்றோம்.

காவிரி வடகரைத் தலங்களுள் ஒன்று திருப்பாச்சிலாச்சிராமம். திருவாசி என இந்நாளில் வழங்கும் ஊர் அது. கொல்லிமழவன் என்னும் தலைவனுடைய மகளை முயலகன் என்னும் கொடுநோய் பற்றியது. செய்யத்தக்க மருத்துவம் எல்லாம் செய்தும் தீராமையால், தந்தை அவளைத் திருக்கோயிலிலே கொணர்ந்து கிடத்தினான். அவ்வேளையில், முத்துச்சிவிகையும் சின்னங்களும் அடியார் கூட்டமும் சூழப் பிள்ளையார் அங்கு எழுந்தருளினார் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு.

அன்பர்களே, அடுத்து நிகழ்ந்ததை நன்கு நோக்குங்கள். இறைவனை வழிபடச் சென்றவர், தரையிலே உணர்விழந்து கிடந்த பெண்ணைக் கண்டார். கண்டவர் கடந்து போகவில்லை. யாது நேர்ந்தது என்று வினவினார். தந்தை கூறிய துயரை முழுதும் கேட்டார். அதன் பின்னரே பதிகம் எழுந்தது. அப்பதிகத்திலும், இப்பெண்ணை இவ்வாறு துயருறச் செய்தல் தமக்குத் தகுமோ என்று இறைவனையே கேட்கின்றார். நோயுற்ற இளையவளின் பக்கம் நின்று பேசிய பேரருள் அது. அவள் எழுந்து நடந்தாள்.

நோய் நீக்கும் திருவருளாற்றல் பிள்ளையாருக்கு உரியது. ஆனால் நின்று கேட்கும் செவி நமக்கும் உண்டன்றோ?

இவ்விடத்தில் நம் குறை ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நம் திருக்கூட்டத்தார் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயுற்ற குழந்தைகளைக் காணச் சென்றோம். பழம் வழங்கினோம்; பொம்மை வழங்கினோம்; நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கதை கேட்டான். கண்ணப்பர் வரலாற்றைத் தொடங்கினோம். காளத்தியப்பரின் திருக்கண்ணில் குருதி வடியும் இடத்திற்கு வரும்போது, பார்வை நேரம் முடிந்தது. "மிச்சக் கதை?" என்றான். "அடுத்த ஞாயிறு வருவோம்" என்றோம். சென்றோமில்லை. பல திங்கள் கழித்துச் சென்றபோது அக்கட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. அவன் ஞாயிறுதோறும் வாயிலையே நோக்கியிருந்தான் என்று செவிலியர் கூறினார். அவன் ஊர் திரும்பினானா, என்ன ஆனான் என்று கேட்கத் துணிவின்றித் திரும்பினோம். நின்று கேட்டருளிய பிள்ளையாரின் அடியார் என்று சொல்லிக்கொள்ளும் நாம், கேளாமலே திரும்பினோம்.

குழந்தைகளை மிகுதியும் தாக்கும் இரத்தப் புற்று வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளுவது. அக்காலத்தில் முடி உதிரும், பள்ளி நிற்கும், விளையாட்டுத் தோழர் பிரிவர். தந்தை பிழைப்பிற்காக ஊர் திரும்ப, தாய் மட்டும் கட்டிலருகே இருப்பாள். செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கின்றனர் என்றும், வறிய நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவே பிழைக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வறுமையாலும் தொலைவாலும் சிகிச்சையை இடையில் கைவிடுதல் இதற்குரிய காரணங்களுள் ஒன்று. இதனை உணர்ந்தே மும்பையில் 2006ஆம் ஆண்டு செயின்ட் ஜூட் இல்லம் தொடங்கி, வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்குமிடம் அளித்து வருகின்றனர். அத்தகைய குடும்பத்திற்கு, வாரந்தோறும் தவறாது வரும் ஒரு முகம் எத்துணை ஊன்றுகோல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சமயம் வேறாயினும் நற்செயல் நமக்குப் பாடமே. இங்கிலாந்தில் பிரான்சிஸ் டொமினிக்கா என்னும் துறவுப் பெண்மணி, மூளைக் கட்டியால் துன்புற்ற ஹெலன் என்னும் சிறுமியின் குடும்பத்தோடு நட்புக் கொண்டார். பெற்றோர் சற்று இளைப்பாறும்படி, அவ்வப்போது குழந்தையைத் தாமே ஏற்றுப் பேணினார். அந்நட்பின் விளைவாக 1982இல் ஆக்ஸ்போர்டு நகரில் 'ஹெலன் இல்லம்' தோன்றிற்று. குழந்தைகளுக்கென உலகில் முதன்முதல் எழுந்த ஆதரவில்லம் அதுவே. ஒரு குழந்தையின்பால் கொண்ட நிலைத்த அன்பே அதன் அடிக்கல்.

இத்தொண்டு மேற்கொள்வோர்க்குச் சில நெறிகள் உண்டு. குறித்த நாளில், குறித்த நேரத்தில் செல்க. இயலாத வாக்கைத் தாராதீர். இருமலோ சளியோ இருப்பின் வீட்டிலேயே இருங்கள். சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு அச்சிறு நோயும் பேரிடராகும். பழமாயினும் பிரசாதமாயினும் திருநீறேயாயினும், மருத்துவர் இசைவு பெற்றே அளித்தல் வேண்டும்.

மற்றொன்று தலையாயது. பிள்ளையின் நோய்க்கு முன்வினையே காரணம் என்று தாயிடம் ஒருபோதும் கூறாதீர்கள். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, வினை என்று சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தல் குற்றம் என்றே ஆளுடைய பிள்ளையார் உணர்த்தினார். நமக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

குழந்தை நலம் பெறின் மகிழ்வோம். நலம் பெறாது என்று மருத்துவர் கூறும் நாளில் நாம் ஒதுங்கிவிடுவோமாயின், அதுவரை செய்ததும் பழுதாகும். அந்நாளிலன்றோ நம் வரவு மிக வேண்டப்படுவது! அதன்பின்னும் அவ்வீட்டு வாயிலுக்குச் சென்று, பெற்றோரும் உடன்பிறந்தாரும் பேசுவதைக் கேட்டிருத்தல் வேண்டும்.

நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு இடுவது படமாடும் கோயிலில் உள்ள பெருமானையும் சேரும் என்பது திருமூலர் தெளிவு. நடக்கவும் இயலாது கிடக்கும் குழந்தையும் அவன் கோயிலே. ஆதலின் நூறு பேர் ஒருநாள் செல்லுதல் வேண்டா. பத்துப் பேர் பல்லாண்டு செல்லுக. ஒருவர் ஒரு குழந்தையின் கதையைத் தொடங்கி, அதனை முடிக்கும்வரை வருக. திருவிழாவிற்குக் கொடியிறக்கம் உண்டு, இத்தொண்டிற்கு இல்லை. பாலாம்பிகை உடனாய மாற்றுரைவரதர் திருவருள் அக்குழந்தைகளைக் காப்பதாக. நம் சொல் தவறாமையையும் காப்பதாக.

திருச்சிற்றம்பலம்.