பட்டாசு எந்த டிபார்ட்மென்ட்?

பிளஸ் டூ ரிசல்ட் சீசன்ல எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, எனக்கு கெமிஸ்ட்ரியும் பிடிக்கும், எகனாமிக்ஸும் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிக்க டிகிரி இருக்கா?"

இருக்கு. லிபரல் ஆர்ட்ஸ்னு பேர் வச்சு, வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குற தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கு. அதைப் பத்தி யூடியூப்ல நிறைய பேர் பேசிட்டாங்க. நான் இன்னைக்கு விருதுநகர் மாவட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம்னு ஒரு ஊர். அங்க ஒரு பட்டாசு ஆலையில வெடி விபத்து, 20 பேருக்கு மேல இறந்தாங்க. செய்தி வந்துச்சு, நிவாரணத் தொகை அறிவிச்சாங்க, அடுத்த விபத்து நடக்குற வரைக்கும் எல்லாரும் அமைதியாயிட்டோம். நான் கேக்குறது, இந்த மாதிரி விபத்து ஏன் நடக்குதுன்னு முழுசா விளக்கணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?

முதல்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க வருவாங்க. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்துல ஈரம் பட்டா, அது தானாவே சூடேற ஆரம்பிக்கும். கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்தா, லேசா உரசினாலே போதும். அதனாலதான் அந்தக் கலவைக்கு இந்தியாவுல தடையே இருக்கு. அன்னைக்குக் கலந்த மருந்தை அன்னைக்கே தீர்க்கணும், மீதி வைக்கக் கூடாதுங்கறதுக்கும் இதான் காரணம்.

சரி, அப்புறம் ஏன் மீதி வைக்கிறாங்க? இங்க கெமிஸ்ட்ரி புக் முடிஞ்சிடுது. பெல்ட்டுல நிறைய பேருக்குக் கூலி பீஸ் ரேட். எத்தனை பீஸ் முடிச்சீங்களோ அத்தனைக்குக் காசு. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும், வேகம் கூடும், ஒரு அறையில இருக்க வேண்டிய ஆளைவிட அதிகமா உக்காருவாங்க. இது எகனாமிக்ஸ்.

அடுத்தது சட்டம். லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், உள்ள வேலை நடத்துறது குத்தகைக்கு எடுத்த இன்னொருத்தர். அச்சங்குளத்துக்கு அப்புறம் இந்த உள்குத்தகை விவகாரம் பெரிசாப் பேசப்பட்டுச்சு. லைசென்ஸ்ல ஆள் ஒருத்தர், வேலை நடத்துறவர் வேறொருத்தர்னா, அறைக்கு எத்தனை பேருங்கற விதியை யாருக்குச் சொல்வீங்க?

கெமிஸ்ட் சொல்றது சரி. எகனாமிஸ்ட் சொல்றதும் சரி. வக்கீல் சொல்றதும் சரி. ஆனா மூணு பேரும் தனித்தனி ரூம்ல உக்காந்திருக்காங்க.

2018 அக்டோபர் 23-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பும் இப்படித்தான். வழக்கு போட்டது கைக்குழந்தைகள். அதாவது, டெல்லியில மூணு குழந்தைகள் பேர்ல 2015-ல அவங்க அப்பாமார் போட்டது. தீர்ப்புல பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டும்தான்னு வந்துச்சு. தொழில் செய்யுற உரிமையையும் உயிர் வாழுற உரிமையையும் எப்படிச் சேர்த்துப் பாக்குறதுன்னு அரசியல் சாசனக் கேள்வி ஒரு பக்கம். பேரியம் நைட்ரேட்ங்கறது பச்சை நிறத்துக்கு மட்டும் இல்ல, கம்பி மத்தாப்பு எரியுறதுக்கே அதுதான் ஆக்சிஜன் கொடுக்குதுங்கற கெமிஸ்ட்ரி இன்னொரு பக்கம். நாக்பூர்ல இருக்கிற நீரி ஆய்வு நிறுவனம் புது ஃபார்முலா கொண்டு வந்துச்சு, தூசி 30 சதவீதமாவது குறையணும்னு இலக்கு. இதுக்கு நடுவுல சிவகாசியில ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. அந்த மாசங்கள்ல வட்டிக்கு வாங்கின குடும்பங்களோட கணக்கு எந்த சிலபஸ்ல வரும்?

இப்போ நம்ம காலேஜுக்கு வருவோம். தமிழ்நாட்டுல பி.எஸ்சி., பி.ஏ. படிச்சவங்களுக்குத் தெரியும். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும், பார்ட் ஃபோர்ல சுற்றுச்சூழல் கல்வி, நான்-மேஜர் எலெக்டிவ், பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ். மாதிரி விஷயங்கள். அதாவது லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு விக்கிற அதே ஐடியா, பேப்பர் அளவுல நம்ம ஊர் அரசு உதவி பெறும் காலேஜ்லயே இருக்கு. விருதுநகர்ல செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல வந்தது. சிவகாசியில அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல. அந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தவங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு பிரிண்டிங், அந்த மருந்து அறிவுல இருந்து பட்டாசுன்னு ஊரே ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவித்தான் வளர்ந்துச்சு.

ஆனா கிளாஸ்ல என்ன நடக்குது? "அலைடுதானே, பாஸ் பண்ணா போதும்." நான்-மேஜர் எலெக்டிவுக்கு எந்த டிபார்ட்மென்ட்ல சீட் காலியோ அங்க தள்ளிவிடுவாங்க. இன்ஜினியரிங்கும் விதிவிலக்கு இல்ல. நாங்க படிச்சப்ப எத்திக்ஸ் பேப்பருக்கு முந்தின நாள் நைட்டு ஜெராக்ஸ் கடையில லோக்கல் ஆத்தர் புக் வாங்க க்யூ நிக்கும். அந்த க்யூவுக்குத் தனி எத்திக்ஸ் வேணும், அது வேற விஷயம்.

அலைடு கெமிஸ்ட்ரியும் மேஜர் எகனாமிக்ஸும் ஒரே மாணவியோட பையிலதான் இருக்கு. ரெண்டையும் சந்திக்க வைக்கிற கேள்வியைத்தான் யாரும் கேக்கல. பாடங்களை பஃபே மாதிரி அடுக்கி வச்சா அது பல்துறைப் படிப்பு ஆகாதுன்னு நான் நினைக்கிறேன். நடுவுல ஒரு பிரச்சினை உக்காரணும். சிவகாசியில அதுக்குப் பஞ்சமே இல்ல. கோர்ட் சொல்ற சத்த அளவு, 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபெல். ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரு வரியை எடுத்துக்கலாம். ஏன் 4 மீட்டர்? டெசிபெல்ல 3 கூடினா சத்தத்தோட ஆற்றல் ஏன் ரெண்டு மடங்காகுது? யார் அளக்குறாங்க, அளந்து தப்புன்னா நஷ்டம் யாருக்கு?

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். தேசியக் கல்விக் கொள்கை 2020-ல நாலு வருஷ டிகிரி, ஒரு வருஷத்துல விலகினா சர்டிஃபிகேட், ரெண்டு வருஷத்துல டிப்ளமோன்னு வச்சிருக்காங்க. பெங்களூர்ல உக்காந்து கேட்டா இது சுதந்திரம். பட்டாசு பெல்ட்டுல முதல் பட்டதாரியா படிக்கிற பொண்ணு வீட்ல, "ஒரு வருஷம் போதும்ல, சர்டிஃபிகேட்தான் கொடுத்துட்டாங்களே, சீசனுக்கு வேலைக்கு வா"ன்னு சொல்ல அது ஒரு காரணம். அந்த விலகும் கதவைப் பத்தி எனக்கு பயம் இருக்கு.

இன்னொண்ணு, டிகிரியோட பேர். கவர்ச்சியா பேர் வச்ச கோர்ஸ்ல சேரும்போது ஒண்ணு விசாரிங்க: அரசு வேலைக்கு அது எந்த டிகிரிக்கு இணைன்னு அரசாணை இருக்கா? இணைத்தன்மை இல்லைன்னு கோர்ட் வரைக்கும் போனவங்க இருக்காங்க. டீச்சர் வேலையையோ டி.என்.பி.எஸ்.சி.யையோ நம்பிப் படிக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதனால என்னைக் கேட்டா, மேஜர் பேர் கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ்னு சாதாரணமா இருக்கட்டும். மத்ததை உள்ள சேருங்க. அலைடை சீரியஸா எடுங்க. 2022-ல இருந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யு.ஜி.சி. அனுமதி இருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யோட ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை இப்படி வேற டிகிரியோட சேர்த்துப் படிக்கிறவங்க இருக்காங்க. இன்ஜினியரிங்னா, அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன்ல மைனர் டிகிரியும் இருக்கு. கூடுதல் கிரெடிட் எடுக்கணும், அவ்வளவுதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இன்னும் முடிவு பண்ணாதவங்களுக்கு ஒரு வேலை தர்றேன். வேற டிபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தரைக் கூட்டாளியா சேர்த்துக்கிட்டு, உங்க ஊர்ல நடக்குற ஒரு விஷயத்தை எடுங்க. எச்.ஓ.டி. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே"ன்னு சொன்னா, அதையும் அப்படியே எழுதுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.