மின்மாற்றியின் நான்கு கம்பிகள்

(முதுகலை இயற்பியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையில் கறுத்துப்போன ஒரு மின்மாற்றி இருக்கிறது. அருகில் வந்து முகர்ந்தால் வார்னிஷ் கருகிய வாசனை இன்னும் தெரியும். அதைக் கருக்கியவன் நான்தான். பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் நடத்த ஆரம்பித்துப் பதினொரு ஆண்டுகள் கழித்து இதைச் செய்தேன்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு ஜப்பானிய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். விடிகாலையில் அதில் நாதஸ்வரம் போடுவார். தெருவே அதைக் கேட்டுத்தான் எழும். அவர் காலமான பிறகு அது பரணில் கிடந்தது. ஒருநாள் அக்கா அதை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டில் இறக்கினார். "நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, அப்பா சாமி கும்பிடுறதுக்குள்ள பாட வச்சிரு" என்றார். திதிக்கு இருபது நாள் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். உப்பிப்போன மின்தேக்கிகள், துருப்பிடித்த வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச். 120 வோல்ட் நாட்டுக்கும் 240 வோல்ட் நாட்டுக்கும் ஒரே பெட்டியை விற்பதற்காக, மின்மாற்றியில் முதன்மைச் சுருளை இரண்டு சம பாதிகளாகச் சுற்றியிருப்பார்கள். 120க்கு அவை பக்க இணைப்பில் இருக்கும். 240க்குத் தொடர் இணைப்பில். அந்த வேலையைச் செய்வது பின்பக்கத்துச் சுவிட்ச். நமக்கு 230 வோல்ட் மட்டும்தானே என்று சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. நான்கு கம்பிகளும் நிறம் மங்கிக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். இரண்டு சுருள்களும் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொன்றும் 4 ஓம். தொடரில் இணைத்தேன், 8 ஓம். கணக்குச் சரி என்று சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் போனது. பழைய ஃபியூஸ், வயசாகிவிட்டது என்று நினைத்து, அந்த இடத்தில் ஒயரிலிருந்து ஓர் இழை செம்புக் கம்பியை உரித்துக் கட்டினேன். மாணவன் செய்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். இரண்டாம் முறை போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், பிறகு புகை. வீட்டுக் கிட்கேட் ஃபியூசிலும் தடித்த கம்பிதான் இருந்திருக்கிறது. அது போவதற்குள் மின்மாற்றி போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் விரலில் கட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டார்கள். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், 230ஐ 8ஆல வகுத்தா கிட்டத்தட்ட 29 ஆம்பியர் வருது. எரிஞ்சது சரிதான். ஆனா இத்தனை வருஷம் ஏன் சார் எரியல?"

இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. சுருளின் மின்தடை 8 ஓம்தான். சரியாக இணைத்த மின்மாற்றியில் பளு இல்லாதபோது ஓடுவதோ 100 மில்லிஆம்பியருக்கும் குறைவு. தடுப்பது கம்பியின் மின்தடை அல்ல; உள்ளகத்தில் ஏறி இறங்கும் காந்தப்பாயம் அதே சுருளில் தூண்டும் எதிர் மின்னியக்கு விசை. இரண்டு பாதிகளும் ஒரே திசையில் காந்தமாக்கினால்தான் அந்தப் பாயம் உண்டு. நான் ஒரு பாதியைத் தலைகீழாக இணைத்திருந்தேன். ஒன்று வலப்பக்கம் தள்ள, மற்றது இடப்பக்கம் தள்ள, பாயம் ஏறக்குறைய சுழி. எதிர்ப்பு போயிற்று, மிஞ்சியது 8 ஓம் செம்புக் கம்பி.

பலகையில் நான் வரைந்த மின்மாற்றிப் படங்கள் எல்லாவற்றிலும் சுற்றுகளின் எண்ணிக்கை விகிதம் இருந்தது. திசை இருந்ததில்லை. மின்சுற்றுப் படங்களில் சுருளின் ஒரு முனையில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார்களே, அதை அச்சுப்பிழைபோலக் கடந்து வந்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு வைண்டிங் கடையில் அதே அளவில் புதிதாகச் சுற்றித் தரக் கேட்டேன். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. வாங்கப் போனபோது, "சார், ஆரம்ப முனையில எல்லாம் முடிச்சுப் போட்டிருக்கேன், பாத்துக்கோங்க" என்றார். அந்த முடிச்சுதான் புள்ளி.

இம்முறை முடிச்சையும் நம்பவில்லை. நம் ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களைக் கொண்டே சோதித்தேன். முதல் பாதியின் முனைகள் அ, ஆ. இரண்டாம் பாதியின் முனைகள் இ, ஈ என்று வையுங்கள். அ–ஆவுக்கு ஒன்றரை வோல்ட் மின்கலம், நேர்முனை அவில். இ–ஈக்குக் கால்வனாமீட்டர், நேர்முனை இயில், தொடரில் மின்தடைப் பெட்டியில் சில ஆயிரம் ஓம். மின்கலத்தை இணைக்கும் நொடியில் முள் நேர்ப்பக்கம் துள்ளினால் அவும் இயும் ஒரே வகை முனைகள். அப்படியானால் ஆவையும் இயையும் சேர்த்து, அ–ஈக்கு 230 வோல்ட் கொடுக்க வேண்டும். ஃபாரடே சோதனைக்கென்று ஆண்டுதோறும் செய்துகாட்டிவிட்டு மூட்டை கட்டி வைக்கிறோமே, அதேதான். ஒரு எச்சரிக்கை: மின்கலத்தைத் துண்டிக்கும்போது வெறும் கம்பியைத் தொட்டிருக்கக் கூடாது. ஒன்றரை வோல்ட்தானே என்றால், பாயம் சரியும் வேகத்தில் சுள்ளென்று இழுக்கும்.

அலைவரிசையாகச் செய்ய விரும்பினால் 6 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தை ஒரு முதன்மைப் பாதிக்குக் கொடுத்து, இரண்டு பாதிகளையும் ஒரு முனையில் சேர்த்து, மீதி இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். 12 வந்தால் சேர்த்தது சரி. சுழிக்கு அருகில் வந்தால் தலைகீழ். அந்த 6 வோல்ட்டை மறந்தும் குறைந்த மின்னழுத்தத் துணைச் சுருளுக்குக் கொடுக்காதீர்கள். மின்மாற்றிக்கு எது முதன்மை என்று தெரியாது. மறுபக்கம் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் வந்துவிடும்.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் மின்மாற்றிகளில் கறுப்பு என்பது மெயின்ஸ் வரும் முதன்மைச் சுருள். சிவப்பு என்பது பல நூறு வோல்ட் தரும் துணைச் சுருள். பச்சை என்பது வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட். நம் பழைய வீட்டு ஒயரிங் பழக்கத்தில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று இணைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

துணைச் சுருளில் எனக்கு 28–0–28 வோல்ட். அதுவும் இரண்டு தனிச் சுருள்கள்தாம். நடுவில் சேர்ப்பது நாம். இங்கே தலைகீழாகச் சேர்த்தால் எதுவும் எரியாது, அதுதான் சிக்கல். ஒவ்வொரு பக்கமும் 28 காட்டும், பாட்டும் வரும். ஆனால் இரு ஓரங்களுக்கிடையே 56க்குப் பதிலாகச் சுழி. முழு அலைதிருத்தி, அரை அலைதிருத்தியாகிவிடும். மின்தேக்கிக்கு வரும் துடிப்பு 100 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு இறங்கி, பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். 28இன் பெரும மதிப்பு ஏறக்குறைய 39.6, எங்கள் ஊரில் இரவில் மின்னழுத்தம் 250ஐத் தொட்டால் 43. அதனால் 50 வோல்ட் மின்தேக்கி போட்டேன்.

முதல் முறை மெயின்ஸ் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்தேன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. பள்ளிக் காவலர் மாட்டுக்கொட்டகையிலிருந்து கழற்றித் தந்தார். உள்ளே தவறு இருந்தால் பல்பு முழுதாக எரியும், மின்னோட்டம் கால் ஆம்பியரைத் தாண்டாது, மின்மாற்றி பிழைக்கும். போட்டேன். மின்தேக்கிகள் நிரம்பும்வரை பளிச்சென்று எரிந்து, அப்படியே மங்கிப்போனது.

மாணவர்களை மின்கலம், கால்வனாமீட்டர் வரைதான் விடுகிறேன். மெயின்ஸும், மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டத்தை மின்தடை வைத்து இறக்குவதும் என் வேலை.

திதிக்கு மூன்று நாள் தாமதமாகிவிட்டது. அக்கா திட்டினார். பிறகு பெரியப்பாவின் கேசட்டைப் போட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்மேசையில் முனைகளுக்குப் பெயர் ஒட்டாத ஆறு மின்மாற்றிகளும் மின்கலங்களும் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு இரண்டிரண்டு பேராக வாருங்கள். புள்ளி எங்கே என்று கண்டுபிடித்து, அந்த முனையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போங்கள்.