வீட்டுக்குள் ஒரு குளம்: மீனுக்கு முன் தண்ணீரை எண்ணுவோம்

மீன் தொட்டி என்றால் கூடத்து மூலையில் இரண்டு தங்க மீன்கள் நீந்தும் சிறு கண்ணாடிப் பெட்டி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், உலு திராமில் ஒரு தாமான் வீட்டை வாங்கிய கையோடு, சுவரின் நீளத்துக்கே 10 அடித் தொட்டி கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. ஆசைப்படுவதில் தவறில்லை. கணக்குப் பார்க்காமல் ஆசைப்படுவதில்தான் ஆபத்து.

10 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 2,500 லிட்டர் நீர் பிடிக்கும். ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. ஆக, நீர் மட்டுமே இரண்டரை டன். கூடத்தில் இரண்டரை மைவி கார்களை அடுக்கி நிறுத்துவதற்கு அது சமம். கண்ணாடி, கல், மணல், இரும்புத் தாங்கி எல்லாம் இதற்கு மேல்.

வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைத் தாங்கும் கணக்கில்தான் பொதுவாக வடிவமைக்கப்படுகிறது. நாம் சொன்ன தொட்டியோ அதே இடத்தில் 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆறு மடங்கு! ஆகவே மாடியில் இத்தகைய தொட்டி வைக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கீழ்த்தளமானாலும் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. கடைக்காரர் கண்ணாடியைத்தான் விற்கிறார். வீட்டின் தளத்துக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார்.

அடுத்து, கண்ணாடி. தொட்டியின் நீளம் கூடுவதைவிட உயரம் கூடுவதே ஆபத்து. உயரம் இரு மடங்கானால், கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகும். 3 அடி உயரத் தொட்டியின் நீண்ட கண்ணாடி ஒன்றை மட்டும் 1,200 கிலோவுக்கும் மேற்பட்ட விசை இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஓரங்களில் பூசிய சிலிகோன் பசை.

பெரிய நிபுணர்கள் கட்டியதற்கே என்ன நேர்ந்தது? ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஒரு தங்கும் விடுதியின் நடுவே 'அக்வாடோம்' என்ற மாபெரும் உருளைத் தொட்டி இருந்தது. 10 லட்சம் லிட்டர் நீர், சுமார் 1,500 மீன்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் அது வெடித்துச் சிதறியது. இருவர் காயமுற்றனர், பெரும்பாலான மீன்கள் மடிந்தன. அந்நேரத்தில் கூட்டம் இல்லாததால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. காரணம் இதுதான் என்று நிபுணர்களாலேயே உறுதியாகக் கூற இயலவில்லை. வீட்டுத் தொட்டி அவ்வளவு பெரிதல்ல என்றாலும், குழந்தைகள் விளையாடும் கூடத்தில் 2,500 லிட்டர் சிறிய விஷயமா? மட்டம் பார்த்த தாங்கி, முழுக்க நீர் நிரப்பிச் சில நாள்கள் சோதனை, நீர் வெளியேற வழி ஆகிய மூன்றும் முடிந்த பிறகே மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தொட்டி தயாரானதும் அன்றே மீன் விடுவதும் தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் தேவை. குழாய் நீரின் குளோரினையும் நீக்க வேண்டும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே 500 லிட்டர் ஆகிறது.

உலு திராமிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புவோர் பலர். பகலில் மின்சாரம் தடைபட்டால் பம்பு நிற்கும். மீன்கள் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில், மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இல்லாவிட்டால் மனித உயிருக்கே ஆபத்து.

இனி மீன். 'கெலிசா' என்னும் ஆசிய அரோவானா, அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அரிய இனம். பண்ணையில் பிறந்ததற்கான சான்றிதழும் மைக்ரோசிப்பும் உள்ள மீனையே வாங்க வேண்டும். விரல் நீளத்தில் விற்கப்படும் அமேசான் சிவப்பு வால் கெளுத்தியோ ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். அப்போது 10 அடித் தொட்டியும் அதற்குச் சிறைதான்.

வளர்க்க முடியவில்லை என்று சிலர் செய்வது என்ன? இரவோடு இரவாக ஆற்றில் விடுகிறார்கள். சுங்கை திராம், ஜொகூர் ஆற்றில் கலக்கிறது. ஜொகூர் மக்களும் சிங்கப்பூர் மக்களும் குடிக்கும் நீர் அந்த ஆற்றில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே விடப்படும் அந்நிய மீன், நம் மண்ணின் சிறு மீன்களைத் தின்று தீர்க்கும். நாடெங்கும் ஆறுகளில் பெருகிவிட்ட 'ஈக்கான் பண்டாராயா' மீன்தொட்டி வழி வந்ததுதான் என்பதை மறக்கலாகாது.

தொட்டி கட்ட ஆகும் செலவு ஒருமுறை. மீனுக்கு நாம் தரும் பொறுப்போ அதன் ஆயுள் முழுவதற்கும். தளம் தாங்குமா, நேரம் இருக்கிறதா, மீன் வளர்ந்த பிறகும் இடம் இருக்குமா? இம்மூன்றுக்கும் குடும்பமே கூடி அமர்ந்து 'ஆம்' என்று சொன்னால், தாராளமாகக் கட்டுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், 3 அடித் தொட்டியில் நீந்தும் சிறு மீன்களும் பார்ப்பதற்கு அழகுதான்.