தோற்றவர் பணம் செலுத்தும் ஏலம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வியாபாரத்திற் பிறந்து வியாபாரத்தில் வளர்ந்த நம்மவர்க்கு ஏலத்தைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். கோயில் தோப்பின் குத்தகை ஏலத்தையும் மண்டியிற் சரக்கு ஏலத்தையும் நாம் சிறுவயது முதலே கண்டு வந்திருக்கிறோம். ஆயினும், இணையத்தின் வாயிலாக மேனாடுகளிற் பரவிய ஒருவகை ஏலம் நம் முன்னோர் கண்டறியாதது; பெயரால் ஏலம், இயல்பால் முற்றும் வேறு. அதனைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு.

நம்மவர் குடும்பத்து வாலிபர் ஒருவர் அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்து வந்த நாளில், ஒரு கைக்கணினியை மலிவாகப் பெறலாமென்று கருதி இவ்வேலத்திற் புகுந்தார். முதல் நாள் சில டாலர்களே போயின. போனதை மீட்க வேண்டி மறுநாளும் புகுந்தார். இவ்வாறு சில வாரங்களில், தங்கையின் கலியாணத்திற்கென்று சேர்த்து வந்த பணத்தில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. இழந்த பொருளைக் காட்டிலும் அவரை வருத்தியது, அதனை வீட்டாரிடம் சொல்ல நாணி ஈராண்டு மறைத்து வைத்ததேயாம். அவருடைய சம்மதத்துடன், பெயர் கூறாது, இதனை இங்கே சொல்கிறோம்.

இவ்வேலம் நடைபெறும் முறை பின்வருமாறு. கலந்துகொள்ள விரும்புவோர் முதலிற் பணம் கொடுத்துக் 'கேள்விகள்' எனும் உரிமைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிற் புகழ்பெற்ற சில தளங்களில் ஒரு கேள்வியின் விலை 60 சென்ட்டாக இருந்தது. ஒருவர் ஒருமுறை கேட்டால் பொருளின் விலை ஒரு சென்ட் போன்ற மிகச் சிறு தொகையே உயரும். ஆனால் அவர் கையிலிருந்து 60 சென்ட் கழிந்துவிடும். அதனுடன் ஏலம் முடிவதற்குரிய கடிகாரமும் சில விநாடிகள் நீளும். மூன்றாம் தரம் சொல்லும் தருணத்தில் எவரேனும் கேட்டால், மீண்டும் முதல் தரத்திலிருந்து தொடங்குவது போன்றது இது. கடிகாரம் ஓடி முடியும்வரை வேறொருவரும் கேளாதிருப்பின், கடைசியாகக் கேட்டவர் வென்றவராவார். அவர் அந்த விலையையும் தனியே செலுத்திப் பொருளைப் பெறுவார். ஏனையோர் செலவிட்ட கேள்விப் பணம் திரும்பி வாராது.

நாம் அறிந்த ஏலத்தில் தோற்றவருடைய மடியிலுள்ள பணம் மடியிலேயே இருக்கும். ஏலச்சீட்டிலும் ஒருவர் தள்ளிக் கேட்ட தொகை, நடத்துவோருடைய கழிவு போக, சீட்டுக்காரர் அனைவருக்கும் பங்காக வந்து சேரும். இங்கேயோ தோற்றவருடைய பணமே நடத்துவோருக்கு முதன்மையான வருமானம். இவ்வொரு வேற்றுமையை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

பேரேட்டில் எழுதுவதுபோல எழுதிப் பார்ப்போம். கடையில் 500 டாலர் பெறும் ஒரு கைக்கணினி, இவ்வேலத்தில் 30 டாலருக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் வியப்புறுவர். ஆனால் கேள்விக்கு ஒரு சென்ட் வீதம் விலை 30 டாலருக்கு ஏற 3,000 கேள்விகள் விழுந்திருக்க வேண்டும். அவற்றின் விலை 1,800 டாலர். வென்றவர் கொடுத்த 30 டாலரையும் கூட்டினால் வரவு 1,830 டாலர். பொருளின் விலை 500 டாலரைக் கழித்தால் நடத்துவோருக்கு நிற்பது 1,330 டாலர். வென்றவர் 400 கேள்விகள் கேட்டிருந்தால் அவருக்கு ஆன செலவு 270 டாலர், அவருக்கு லாபமே. மற்றவர்களோ 1,560 டாலரை இழந்து வெறுங்கையுடன் நிற்பர். விளம்பரத்தில் தோன்றுவது அந்த 30 டாலர் மாத்திரமே.

இவ்வகை ஏலத்தைப் பெரிய அளவில் நடத்திப் பெயர் பெற்றது ஸ்வூபோ என்னும் தளம். ஜெர்மனியில் 2005ஆம் ஆண்டில் டெலிபிட் என்னும் பெயருடன் தொடங்கிய இது, 2008ஆம் ஆண்டில் ஸ்வூபோ எனப் பெயர் மாறி, 2011ஆம் ஆண்டில் திவாலாயிற்று. நெட் ஆகன்பிளிக் என்னும் பொருளியல் ஆசிரியர் அத்தளத்தின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். பொருளின் மதிப்பு 100 டாலராயின், சராசரியாக 150 டாலருக்கு மேல் ஏலத்தில் வசூலாயிற்று என்று அவர் கண்டார். கடையில் நேரே வாங்கக்கூடிய பொருளுக்கு மக்கள் ஒன்றுகூடி ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கின்றனர்!

கற்றவரும் இதிற் சிக்குவது ஏன்? மார்ட்டின் ஷூபிக் என்னும் பொருளியல் அறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே 'டாலர் ஏலம்' என்னும் விளையாட்டு ஒன்றை விவரித்தெழுதினார். ஒரு டாலர் நோட்டு ஏலத்திற்கு வருகிறது. மிகுதியாகக் கேட்டவர் அதனைப் பெறுவார். ஆனால் அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவரும் தாம் கேட்ட தொகையைக் கொடுத்தே தீரவேண்டும். 95 சென்ட் கேட்டவர், எதிராளி ஒரு டாலர் கேட்டதும் என் செய்வார்? நின்றுவிட்டால் 95 சென்ட் நஷ்டம். 105 சென்ட் கேட்டு வென்றால் 5 சென்ட்டே நஷ்டம். ஆகவே மேலும் கேட்பார். எதிராளியும் அவ்வாறே எண்ணுவார். இருவரும் அறிவுடையோரே; ஆயினும் ஒரு டாலருக்காக இருவரும் அதனினும் மிகுதியாக இழப்பர்.

நாம் சொல்லும் ஏலத்திலோ, கேட்டபோதே பணம் போய்விடுகிறது. மேலும் கேட்பதால் அது மீளாது. ஆயினும், "இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இன்னும் ஒரு முறை" என்று மனம் சொல்லுகிறது. ஆகன்பிளிக் தம் கட்டுரையில் முதன்மையாக எடுத்துக்காட்டியதும் இந்த மயக்கமே. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்ததை நாம் அறிவோம். சூதாடுபவன் இருக்கையை விட்டெழாமைக்குக் காரணம் யாதோ, அதுவே இங்கும் காரணமாகும்.

அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் 2011ஆம் ஆண்டில் இவ்வேலங்களைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. நேர்மையற்ற தளங்கள் தம்முடைய ஆட்களைக்கொண்டோ கணினி நிரலைக்கொண்டோ பொய்க் கேள்விகள் எழுப்பி ஏலத்தை நீட்டக்கூடும் என்பது அவ்வெச்சரிக்கையில் ஒன்று. திரைக்கு அப்பால் கேட்பவர் மனிதரா, இயந்திரமா என்று இப்பால் இருப்பவர் அறியும் வழியாது?

இதனினும் பெரிய கேடு ஒன்று விளைந்தது. வட கரோலினா மாகாணத்தில் பால் பர்க்ஸ் என்பவர் நடத்திய ஸீக்லர் என்னும் ஏலத் தளத்துடன் ஸீக் ரிவார்ட்ஸ் என்னும் திட்டமும் இணைந்திருந்தது. ஏலத்தின் லாபத்தில் நாள்தோறும் பங்கு தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்து அதனை மூடியது. திரட்டிய தொகை சுமார் 60 கோடி டாலர் என்றும், வருமானத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு புதிதாகச் சேர்ந்தோர் கொடுத்த பணமே என்றும் ஆணையம் கூறியது. பர்க்ஸ் 2016ஆம் ஆண்டிற் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் 14 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பலர் இதிற் சேர்ந்தது உற்றார் உறவினர் சொல்லைக் கேட்டே என்பதை, உறவே பலமாக வாழும் நம் போன்ற குலத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

"தோற்றாலும், செலவிட்ட கேள்விப் பணத்தைக் கழித்துக்கொண்டு அப்பொருளையே விலைக்கு வாங்கிக்கொள்ளச் சில தளங்கள் இடமளித்தனவே" என்று வாலிபர் சிலர் கேட்கலாம். உண்மையே. ஆனால் அவ்விலையைக் குறிப்பவர் யார்? கடை விலையினும் அது மிகுதியாக இருக்கலாம். அனுப்பும் செலவும் சேரலாம். தவிரவும், மலிவாகப் பெறப் புகுந்தவன் முழு விலை கொடுத்துத் தேவையற்ற பொருளுடன் வீடு திரும்புவது எவ்வகை லாபம்?

ஆதலின் அன்பர்களே, எந்தப் புதிய ஏலத்தில் நுழையுமுன்பும் ஒரே கேள்வி கேளுங்கள்: தோற்றவருடைய பணம் திரும்புமா? திரும்பாதெனில் அது ஏலமன்று என்று விலகிவிடுங்கள். முன்னரே நுழைந்துவிட்டவர், கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அப்போதே பற்றில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகையே நிறுத்தச் சொல்லும். போனது போனதே, இனிப் போகவிருப்பதே நம் கையிலுள்ளது. உறவினரை இத்தகைய திட்டங்களிற் சேர்த்துவிடும் வேலையை மட்டும் எக்காரணங்கொண்டும் மேற்கொள்ளாதீர்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் இவ்வாறு நஷ்டப்பட்டு வந்து சொன்னால், சபையில் வைத்து இகழாதீர்கள். முன்பு கூறிய வாலிபர், முதல் வாரத்திலேயே தந்தையிடம் சொல்லியிருந்தால் நஷ்டம் சிறிதாக நின்றிருக்கும். அஞ்சியதாலன்றோ அது பெருகிற்று! வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் கணக்கைத் திறந்து காட்டுவதே நம் குலத்தின் வழக்கம். அவ்வழக்கத்தை வீட்டிற்குள்ளும் கைக்கொள்வோமாக.